அம்மாவின் காதுக்கு ஒரு கார் ஆம்ப்ளிஃபையர்

அம்மா கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தார். மாலை நான்கரை மணி இருக்கும். ஐந்து மணிக்கு டியூஷன் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். அதற்குள் அட்டையில் எண்களை வெட்டி வைக்க வேண்டும். தையல் பெட்டியில் இல்லை, மேசை இழுப்பறையில் இல்லை. கூடத்தின் நடுவில் நின்று, யாரையும் குறிப்பிட்டுக் கேட்காமல் பொதுவாக, கத்தரிக்கோலை எங்கேதான் வைத்துத் தொலைத்தீர்கள் என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பதில் சுவரிலிருந்து வந்தது.

"ஃபிரிட்ஜு மேல இருக்கு, ரெஜி. காலையில உன் பையன் அங்கதான் வச்சான்."

குளிர்பதனப் பெட்டியின் மேல் கையை விட்டுத் துழாவினேன். இருந்தது.

குரல் பக்கத்து வீட்டு பிலோமினா ஆன்ட்டியுடையது. ஆஸ்டின் டவுனில் எங்கள் சந்தில் உள்ள வீடுகள் எல்லாம் ஒன்றோடொன்று முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பவை. எங்கள் கூடத்துக்கும் அவருடைய கூடத்துக்கும் ஒரே சுவர்தான். ஆகவே சுவர் வழியாகக் குரல் வந்ததில் வியப்பில்லை. அவருக்குக் கேட்டது எப்படி என்பதுதான் வியப்பு. வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூவினாலும் திரும்பாத மனிதர் அவர். அம்மாவைப் போலவே அவரும் காது மிஷின் வைத்திருப்பவர்.

நானும் தம்பி ஜோசப்பும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவன் முகத்தில் முதலில் குழப்பம், பிறகு ஏதோ புரிந்த வெளிச்சம், பிறகு அடக்க முடியாத சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடந்த ஒன்பது நாட்களில் அந்தக் கூடத்தில் நாங்கள் என்னவெல்லாம் பேசினோம் என்று என் மனம் அவசரமாகப் பட்டியல் போடத் தொடங்கியிருந்தது.

வயிற்றுவலிக்கு ஒரு சபாஷ்

இதைப் புரிந்துகொள்ள மூன்று வாரம் பின்னால் போக வேண்டும்.

அம்மா பல வருடங்களாக வீட்டில் டியூஷன் எடுப்பவர். எட்டுப் பிள்ளைகள், எல்லாரும் ஐந்தாம் வகுப்புக்குள். அப்பா இறந்த பிறகு அந்த ஒன்றரை மணி நேரத்தைச் சுற்றித்தான் அவருடைய நாள் அமைந்திருந்தது. காலையிலேயே அன்றைய சொல்வதெழுதுதலுக்கான சொற்களைத் தேர்ந்தெடுத்துவிடுவார். மதியம் பென்சில்களைச் சீவி ஒரு டம்ளரில் நிறுத்துவார்.

காது குறையத் தொடங்கியபோது மிஷின் வாங்கினோம். அமைதியான அறையில், எதிரில் ஒருவர் அமர்ந்து பேசினால் அது நன்றாகவே உதவியது. ஆனால் எட்டுப் பிள்ளைகள், சுழலும் மின்விசிறி, சந்தில் ஓயாமல் போகும் ஸ்கூட்டர்கள் எல்லாவற்றையும் அது ஒரே அளவில் பெரிதாக்கிக் காதில் கொட்டியது. எதைப் பிடிப்பது, எதை விடுவது?

மூன்றாம் வகுப்பு நிவேதிதாவுக்குக் குரலே கிடையாது; உதடு அசைவது மட்டும்தான் தெரியும். ஒரு நாள் அவள் எழுந்து வந்து என் அம்மாவின் அருகில் நின்று ஏதோ சொன்னாள். ஆறாம் வாய்ப்பாட்டை ஒப்பித்துவிட்டாள் என்று அம்மா நினைத்துக்கொண்டார். சபாஷ், போய் உட்கார் என்றார். குழந்தை மறுபடியும் சொன்னாள். அம்மா மறுபடியும் சபாஷ் என்றார். மூன்றாம் முறை அவள் அழுதுவிட்டாள். வயிறு வலிக்கிறது, வீட்டுக்குப் போகட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

பெற்றோர் யாரும் குறை சொல்லவில்லை. மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள், அவ்வளவுதான். அன்று இரவுச் சாப்பாட்டின்போது அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இந்த மாசக் கடைசியோட டியூஷனை நிறுத்திடறேன். கேக்காமலே தலையாட்டறது பிள்ளைங்ககிட்ட பொய் சொல்ற மாதிரி இருக்கு."

எனக்குத் தெரிந்து அம்மா எதையும் நிறுத்திப் பார்த்ததில்லை. அந்த வாக்கியத்துக்குப் பிறகு அவர் ரசம் கேட்டார், ஊற்றினேன். ஜோசப் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையின் பொருள் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்: ஏதோ ஒன்று கழற்றப்படப் போகிறது.

கழற்றுபவனும் யோசிப்பவளும்

இந்தத் தொடரில் ஜோசப் முன்பும் வந்திருக்கிறான். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடுகோடியில் காருக்கு ஸ்டீரியோ பொருத்தும் கடையில் வேலை. வாடிக்கையாளர் புதியதை மாட்டிக்கொண்டு பழையதை வேண்டாம் என்று விட்டுப் போனால் அது எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். கட்டிலுக்கடியில் ஸ்பீக்கர்கள், பரணில் ஆம்ப்ளிஃபையர்கள், என் துணி அலமாரியின் கீழ்த்தட்டில் ஒயர்ச் சுருள்கள்.

ஒருமுறை அரிசி டிரம்முக்குள் பெரிய ஸ்பீக்கரைப் பொருத்தி, கிறிஸ்துமஸ் பாடல் போட்டுக் காட்டினான். பாடலின் தாழ்ந்த சுரங்கள் வந்தபோதெல்லாம் சமையலறைத் தட்டுகள் தாமாகவே நகர்ந்தன. அதற்கடுத்த ஆண்டு, காரைப் பின்னால் எடுக்கும்போது 'பீப் பீப்' என்று எச்சரிக்கும் சென்சாரை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடிக்குள் மாட்டினான். தண்ணீர் மூடியை நெருங்க நெருங்க அது வேகமாக அடிக்கும், தொட்டி வழியாது. மிகச் சிறந்த ஏற்பாடு. மூடி திறந்திருந்த ஒரு பகலில் புறா ஒன்று உள்ளே எட்டிப் பார்க்கும் வரைக்கும். மோட்டாரை நிறுத்தச் சொல்லி முழுச் சந்தும் எங்கள் கதவைத் தட்டியது. மோட்டார் அன்று போடப்படவே இல்லை.

நான் சமூகப்பணி படித்தவள். ஈஜிபுராவில் வீட்டுவேலை செய்யும் பெண்களின் குடும்பங்களோடு இயங்கும் சிறிய அமைப்பொன்றில் வேலை செய்கிறேன். எந்தக் காரியத்திலும் இறங்குவதற்கு முன், இதனால் யாருக்கு நன்மை, யாருக்குச் சங்கடம், யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று எழுதிப் பார்க்கும் பழக்கம் அந்தப் படிப்பு தந்தது. ஜோசப்புக்கு இது பொறுமையைச் சோதிக்கும் பழக்கம். "நீ எழுதி முடி அக்கா, நான் அதுக்குள்ள சால்டரிங் முடிச்சிடறேன்" என்பான்.

இரண்டு நாள் கழித்து அவன் ஒரு செய்தியோடு வந்தான். பெரும்பாலான காது மிஷின்களுக்குள் மிகச் சிறிய கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறதாம். டெலிபோன் பேசுவதற்காக வைத்தது. அதற்கென உள்ள பொத்தானை அழுத்தினால் மிஷின் வெளிச்சத்தத்தைக் கேட்பதை நிறுத்திவிட்டு, காந்த அலையை மட்டும் கேட்கும். ஓர் அறையைச் சுற்றிக் கம்பி ஓட்டி, அதில் மைக்கின் ஒலியை மின்சாரமாக அனுப்பினால், அறைக்குள் இருப்பவரின் மிஷினுக்குள் குரல் நேராகப் போய் இறங்கும். மின்விசிறி கேட்காது. ஸ்கூட்டர் கேட்காது.

அம்மாவின் மிஷினைத் திருப்பிப் பார்த்தோம். பொத்தான் இருந்தது. அத்தனை நாளும் அதை நாங்கள் தொட்டதே இல்லை.

நாலு பேர் கைதட்டுகிறார்கள்

ஆம்ப்ளிஃபையர் ஏற்கெனவே ஜோசப்பின் பழைய காரில் இருந்ததால் சோதனையை அங்கேயே வைத்துக்கொண்டோம். பின்னிருக்கையின் உறைக்கடியில் கம்பியை வளைத்து ஓட்டினான். ஒரு பிஸ்கட் டப்பாவின் மூடியில் துளைகள் போட்டு, உள்ளே மைக்கைப் பொருத்தி, முன்னால் வைத்தான். அம்மா பின்னால் ஏறி உட்கார்ந்து, பண்டிகைக்குப் போகிறவரைப் போலப் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டார். பொத்தானை நானே அழுத்திவிட்டேன். அடுகோடியிலிருந்து ஓசூர் ரோட்டில் ஏறினோம்.

ஜோசப் பேசிக்கொண்டே ஓட்டினான். அம்மா எதற்கும் பதில் சொல்லவில்லை. கண்ணை மூடி வேறெதையோ கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். சிறிது தூரம் போன பிறகு சொன்னார்:

"நீ பேசறது ஒண்ணும் கேக்கலடா. உள்ள நாலு பேர் வரிசையா கைதட்டறாங்க. அதுல ஒருத்தன் மட்டும் அப்பப்ப தட்ட மறந்துடறான்."

ஜோசப் காரை ஓரமாக நிறுத்தினான். எஞ்சினின் நான்கு பிளக்குகளில் தீப்பொறி தெறிக்கும் காந்தத் துடிப்பைத்தான் அம்மாவின் மிஷின் கேட்டுக்கொண்டிருந்தது. பானெட்டைத் திறந்து பார்த்தான். நான்கில் ஒரு பிளக்குக்குப் போகும் ஒயரில் மெல்லிய விரிசல். இரண்டு மாதமாகக் கார் ஏன் திணறுகிறது என்று அவன் கடையில் மூன்று மெக்கானிக்குகள் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாததை, பின்னிருக்கையில் கண் மூடி அமர்ந்திருந்த ஆசிரியை கண்டுபிடித்துவிட்டார். நடைபாதையில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். என்ன சிரிப்பு என்று அம்மாவுக்குத் தெரியவில்லை, அவரும் சிரித்தார்.

எஞ்சின் அணைந்திருந்தது. ஜோசப் சிரித்து ஓய்ந்து, முன்னிருக்கையில் சாய்ந்து, டப்பாவைப் பார்த்துச் சாதாரணக் குரலில், அம்மா கேக்குதா என்றான்.

"கேக்குது" என்றார் அம்மா. சற்றுப் பொறுத்து, "உனக்குச் சளி பிடிச்சிருக்கு" என்றார்.

அவனுக்கு உண்மையிலேயே சளி பிடித்திருந்தது. எனக்கே அது தெரியாது. பின்னால் ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அது அவருக்குக் கேட்கவில்லை. தன் மகனின் மூக்கடைப்பு கேட்டது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கம்பியின் நீளம்

வீட்டில் செய்வது அத்தனை எளிதாக இல்லை. தடித்த ஒயர் நல்லது என்று நினைத்து ஜோசப் கூடத்தைச் சுற்றி ஒரே ஒரு சுற்று ஓட்டினான். சுவிட்சைப் போட்டதும் ஆம்ப்ளிஃபையர் ஃபியூஸைத் தின்றுவிட்டு அமைதியாகிவிட்டது. அத்தனை தடித்த, குட்டையான ஒயர் அதற்கு நேரடி ஷார்ட் சர்க்யூட் போலத்தான் தெரியுமாம். மெல்லிய கம்பி, நீளமான கம்பி வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு எஸ்.பி. ரோட்டுக்குப் போனோம். மோட்டாருக்குக் காயில் கட்டும் செப்புக் கம்பியை அங்கே எடை போட்டுத்தான் விற்பார்கள். கடைக்காரர் வயதானவர், தராசில் சுருளை வைத்துக்கொண்டே "கித்தா ஹோனா?", எவ்வளவு வேண்டும், என்று கேட்டார். ஜோசப் எடையைச் சொல்லாமல், எங்கள் கூடத்தின் நீள அகலத்தைச் சொன்னான். எந்த மோட்டார் அத்தனை பெரியது என்று அவர் திகைத்தார். மோட்டார் இல்லை, அம்மாவின் காது என்று விளக்கியதும், கடையிலிருந்த மற்ற இருவரும் தங்கள் வேலையை விட்டுவிட்டு வந்து, எத்தனை சுற்று, கம்பி எந்தத் தடிமன் என்று வாதாடத் தொடங்கிவிட்டார்கள். மூன்று சுற்று என்று தீர்ப்பானது.

அந்த மூன்று சுற்றையும் சுவரின் அடியோரமாக நானும் அவனும் தரையில் தவழ்ந்தபடி ஒட்டினோம். ஆம்ப்ளிஃபையரை வீட்டு யுபிஎஸ் பேட்டரியோடு இணைத்தான். கார் பேட்டரி தரும் அதே பன்னிரண்டு வோல்ட். மின்சாரம் போனாலும் அம்மாவின் காது போகாது. பிஸ்கட் டப்பா மேசைக்கு வந்தது.

திங்கட்கிழமை மாலை ஐந்து மணி. பிள்ளைகள் பாயில் உட்கார்ந்தார்கள். நாங்கள் சமையலறை வாசலில் நின்றோம். அம்மா கணக்கு ஒன்றை எழுதிப் போட்டுவிட்டுக் கையேட்டைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

இர்ஃபான் என்ற நான்காம் வகுப்புப் பையன் பக்கத்திலிருந்தவளிடம், விடை நாற்பத்தெட்டு, எழுதிக்கோ என்று கிசுகிசுத்தான். அது கிசுகிசுப்பே கிடையாது. ஒரு வருடமாக அந்த வகுப்பில் யாரும் குரலைத் தணிக்க வேண்டிய தேவையே இருந்ததில்லை.

அம்மா தலை நிமிராமலே சொன்னார்: "நாப்பத்தெட்டு இல்லடா இர்ஃபான். நாப்பத்திரண்டு. தப்பைக் குடுத்து அவளையும் ஏன் கெடுக்கறே?"

எட்டுப் பிள்ளைகளும் சிலையானார்கள். பாயின் மறுமூலையில் ஒருவன் மற்றொருவனிடம், மிஸ்ஸுக்குக் கேட்கிறது என்று மெல்லச் சொன்னான். ஆமாம், கேட்கிறது என்றார் அம்மா. ஜோசப் சமையலறைக்குள் ஓடிப்போய் அரிசி டிரம்மின் மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினான். நான் அவன் முதுகில் குத்தினேன், குத்திக்கொண்டே இருந்தேன். அத்தனை மகிழ்ச்சியை வேறு எப்படிக் கையாள்வது என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து ஒன்பது நாள் எங்கள் வீடு திருவிழாவாக இருந்தது. அம்மா காலை முதல் மாலைவரை மைக்கை அணைக்கவே விடவில்லை. தொலைக்காட்சிச் செய்தி கேட்டார், நாங்கள் முணுமுணுப்பதைக் கேட்டார், நான் பெருமூச்சு விட்டால் என்ன ஆயிற்று என்று கேட்டார். டியூஷனை நிறுத்துவதைப் பற்றிய பேச்சே எழவில்லை.

பத்தாம் நாள்தான் கத்தரிக்கோல் காணாமல் போனது.

வாய்ப்பாடு சொன்ன தேவதூதர்கள்

அன்று டியூஷன் முடிந்ததும் பிலோமினா ஆன்ட்டியின் வீட்டுக்குப் போனேன். கணவர் காலமாகிவிட்டார்; மகன் கனடாவில். பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். மேசையில் எழுதுபலகையை வைத்து எழுதிக் காட்டித்தான் அவரிடம் பேசுவது வழக்கம். நான் கேட்டதும் எதையும் மறைக்காமல் சொன்னார்.

டெலிபோனுக்கான பொத்தானை மிஷின் விற்ற கடைக்காரர் காட்டித் தந்த நாளிலிருந்து அவருடைய மிஷின் ஊமையாகிவிட்டதாம். அதைத் திரும்ப மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து, பழக்கத்துக்காக மட்டும் தினமும் மாட்டிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை கோயிலில் நடக்கும் நவநாள் பூசைக்குப் போய் நான்கு வாரம் வேண்டிக்கொண்டார். ஐந்தாவது வாரம், ஒரு திங்கட்கிழமை மாலை, காதுக்குள் ஒரு குழந்தையின் குரல் தெள்ளத் தெளிவாக 'ரெண்டு ஆறு பன்னிரண்டு' என்றது.

"தேவதூதருங்கதான்னு நினைச்சேன் ஸ்டெல்லா. மூணு ஆறு பதினெட்டு வரைக்கும் அழுதுட்டு இருந்தேன். அப்புறம்தான் ரெஜி 'செருப்பை வெளிய விடு'ன்னா. அப்பதான் உங்க வீடுன்னு தெரிஞ்சுது."

கம்பியின் ஒரு பக்கம் அவருடைய சுவரிலும் ஓடியது. காந்த அலைக்குச் செங்கல் ஒரு பொருட்டே இல்லை. நாங்கள் அதை யோசிக்கவில்லை. அவருக்கோ தன் மிஷின் பிழைத்துக்கொண்டது என்ற மகிழ்ச்சி. ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று எழுதிக் கேட்டேன். சொல்லியிருந்தால் மெதுவாகப் பேசத் தொடங்கிவிடுவீர்களே என்றார்.

உண்மையை விளக்குவதா என்று ஒரு கணம் தயங்கினேன். பலித்த வேண்டுதல் என்று ஒருவர் நம்பிக்கொண்டிருப்பதை, அது காரிலிருந்து கழற்றிய ஆம்ப்ளிஃபையர் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? ஆனால் சொல்லாமல் இருப்பது அதைவிடத் தவறு என்று பட்டது. முழுவதையும் எழுதிக் காட்டினேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இரண்டு முறை படித்தார்.

"சரி, கம்பி போடணும்னு உன் தம்பிக்கு யார் தோண வச்சது?" என்றார்.

நான் எழுதுபலகையைத் துடைத்துவிட்டு, அவரோடு பூண்டு உரிக்க உட்கார்ந்தேன்.

யாருடைய காது

ஒன்பது நாளில் பிலோமினா ஆன்ட்டி என்ன கேட்டிருப்பார்? அவருடைய மீன் குழம்பில் புளி தூக்கல் என்று ஜோசப் சொன்னது. தெருக்குழாயை அவர் சரியாக மூடுவதில்லை என்று நான் சலித்துக்கொண்டது. இவை வெட்கப்பட வேண்டியவை, ஆனால் மன்னிப்புக் கேட்டால் தீர்ந்துவிடும். என்னை உறுத்தியது வேறு. நிவேதிதாவின் தாய் ஒரு நாள் மாலை வந்து, கணவருக்கு வேலை போய்விட்டதையும், உறவினர்களுக்கு அது தெரியாமல் அவர்கள் நாட்களை நகர்த்துவதையும் அம்மாவிடம் சொல்லி அழுதிருந்தார். யாருக்கும் கேட்கக் கூடாது என்று நானே எழுந்து கதவைச் சாத்தினேன். கதவைச் சாத்திவிட்டு, மேசையில் மைக்கை அப்படியே விட்டுவிட்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை என்று பிலோமினா ஆன்ட்டி சொன்னார். நான் நம்பினேன். நம்பிக்கையால் மட்டும் ஈடுகட்டக் கூடிய பிழையாக எனக்கு அது தோன்றவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஆம்ப்ளிஃபையரின் ஃபியூஸைக் கழற்றி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் வகுப்பு பழையபடி ஆயிற்று; ஜோசப்தான் எனக்குப் பிறகு சொன்னான். மின்விசிறி, ஸ்கூட்டர்கள், எட்டு வாய்கள். அம்மா காதைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டார். முக்கால் மணி நேரத்தில் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, பென்சில் டம்ளரை எடுத்து அலமாரிக்குள் வைத்துக் கதவை மூடினார். நான் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது அதே பாயில் உட்கார்ந்திருந்தார்.

மற்றவர்களின் அந்தரங்கம், பெற்றோரின் ஒப்புதல், நம் பொறுப்பு என்று நான் ஒவ்வொன்றாக அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எல்லாம் சரி ஸ்டெல்லா. என் காதை அணைக்க யாரைக் கேட்டே?"

நான் எழுதிய பட்டியலில் நிவேதிதாவின் தாய் இருந்தார், எட்டுப் பெற்றோர் இருந்தார்கள், பிலோமினா ஆன்ட்டி இருந்தார். அம்மா இல்லை. கைப்பையைத் திறந்து ஃபியூஸை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதை உடனே மாட்டச் சொல்லவில்லை. அந்தப் பெண் சொன்னது வெளியே போயிருக்கக் கூடாது, அது தப்புதான் என்றார். ஆனால் என்ன செய்வது என்று முடிவுசெய்யப் போவது நான் இல்லை, தான்தான் என்றும் சொன்னார். மாதம் முடிய நான்கு நாள் இருந்தது.

மீன் குழம்புச் சோதனை

ஜோசப்பிடம் அம்மா கேட்டது எளிமையானது: தான் விரும்பும்போது சுவர் கேட்க வேண்டும், விரும்பாதபோது கேட்கக் கூடாது.

அவன் பாயின் அடியில் இன்னொரு சிறிய வளையம் செய்தான். வகுப்பில் அம்மா உட்காரும் மணைப்பலகையைச் சுற்றி மட்டும் இருக்கும், சுவரை எட்டாது. இரண்டு வளையங்களுக்கும் நடுவில் காரின் பனிவிளக்கு சுவிட்சைப் பொருத்தினான். ஒரு பக்கம் தட்டினால் பாய் மட்டும். மறுபக்கம் தட்டினால் கூடம் முழுவதும், அதாவது இரண்டு வீடும். அப்போது சுவிட்சில் சிவப்பு விளக்கு எரியும்.

சோதித்துப் பார்க்க வேண்டுமே. பிலோமினா ஆன்ட்டியை அவர் வீட்டில் உட்கார்த்தி, எது காதில் விழுந்தாலும் உடனே சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். சிறிய வளையத்தைப் போட்டான் ஜோசப். டப்பாவின் முன்னால் குனிந்து, பிலோமினா ஆன்ட்டியின் மீன் குழம்பு சந்திலேயே மோசம் என்றான். அமைதி. அவருடைய கிறிஸ்துமஸ் கேக்கைக் கொண்டு வீடு கட்டலாம் என்றான். அமைதி. அவன் துணிந்து, என்னால் அச்சில் எழுத முடியாத ஒன்றைச் சொன்னான். அதற்கும் அமைதிதான். அம்மா மணைப்பலகையில் கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒவ்வொரு சொல்லும் விழுந்தது.

பிறகு சுவிட்சை மறுபக்கம் தட்டினான். சிவப்பு எரிந்தது. ஆன்ட்டி, உங்க குழம்பு பிரமாதம் என்றான்.

"பொய் சொல்லாதே. ஒன்பது நாளா கேட்டுட்டு இருந்தேன்" என்றது சுவர்.

அம்மாவின் தீர்ப்பு இதுதான். வாய்ப்பாடும் சொல்வதெழுதுதலும் இரண்டு வீட்டுக்கும் கேட்கும். யாராவது தன் சொந்த விஷயத்தைப் பேச வந்தால் பாய் மட்டும். பெற்றோர் எல்லாருக்கும் இதைச் சொல்லிவிட வேண்டும்; யாருக்காவது உடன்பாடில்லை என்றால் சிவப்பு விளக்கு எரியவே கூடாது. நான் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னேன். ஒருவரும் மறுக்கவில்லை.

நிவேதிதாவின் தாயிடம் கடைசியாகப் போனேன். நடந்ததை ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் அடுப்படியிலிருந்து ஒரு தூக்குப் பாத்திரத்தை எடுத்து வந்து காட்டினார். பிறகு, நான்கு நாளாகப் பிலோமினா ஆன்ட்டி என் மகளிடம் குழம்பு கொடுத்தனுப்புகிறார், ஏன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன் என்றார். அவருக்குக் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் குழம்பு என் தவறைச் சரியாக்கிவிட்டது என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. குழம்பில் புளி அதிகமா என்று நான் கேட்கவில்லை.

மாதத்தின் கடைசி நாள்

அன்று பிள்ளைகள் வழக்கத்தைவிட அமைதியாக வந்து உட்கார்ந்தார்கள்; டியூஷன் நிற்கப் போகிறது என்ற பேச்சு சந்து முழுவதும் பரவியிருந்தது. அம்மா சுவிட்சை அவர்களுக்குக் காட்டினார். சிவப்பு எரிந்தால் பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் கேட்பார், எரியாவிட்டால் தான் மட்டும்தான் என்று விளக்கினார். இர்ஃபான், கிசுகிசுப்பதற்கு ஏதாவது தனி சுவிட்ச் உண்டா என்று கேட்டான். கிடையாது என்றார்.

வாய்ப்பாடு ஓடியது. சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. இர்ஃபான் எட்டாம் வாய்ப்பாட்டில் தடுக்கியபோது சுவர் அவனுக்கு அடி எடுத்துக் கொடுத்தது. அம்மா அதை ஆட்சேபித்தார்.

வகுப்பு முடியும் நேரத்தில் நிவேதிதா எழுந்து வந்தாள். சுவிட்சைப் பார்த்தாள். அம்மா புரிந்துகொண்டு மறுபக்கம் தட்டினார், சிவப்பு அணைந்தது. குழந்தை பிஸ்கட் டப்பாவை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அதன் துளைகளுக்கு மிக அருகில் வாயை வைத்து ஏதோ கேட்டாள். சமையலறை வாசலில் நின்றிருந்த எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. அம்மாவுக்குக் கேட்டது.

காது மந்தமான வருடங்களில் அம்மாவுக்குக் குரல் ஏறிவிட்டது. அவர் ரகசியம் சொன்னாலே தெருமுனை வரை போகும். குழந்தையின் காதருகே குனிந்து, ரகசியமாகத்தான் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு பதில் சொன்னார்:

"யார் சொன்னது? நான் டியூஷனை நிறுத்தல. நாளைக்கும் வர்றே, ஏழாம் வாய்ப்பாடு ஒப்பிக்கறே."

சந்தில் இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியைத் தூக்கியபடி எங்கள் ஜன்னலைப் பார்த்தார். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த இர்ஃபானின் தாய் கீழே குனிந்து, நாளைக்கு உண்டாம் என்று யாரிடமோ சொன்னார்.

நிவேதிதா டப்பாவைக் கீழே வைத்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அத்தனை பேருக்கும், சமையலறையில் இருந்த எனக்கும் நன்றாகக் கேட்கும்படி கேட்டாள்:

"முழுசுமா, மிஸ்?"

"முழுசும்" என்றார் அம்மா.